முதுகில் ஒரு தொட்டில்

குளுவாங்,
4-3-1937

அன்புள்ள அத்தானுக்கு,

சந்திரமதி எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்கள் தையல் கடையில் வேலை அதிகம் என்று சிங்கப்பூர் போய்வந்த லெட்சுமணன் அண்ணன் சொன்னார். இரண்டு வரி எழுதக்கூடவா நேரமில்லை?

பேச்சியம்மாள் கைக்குழந்தையை ரப்பர் மரத்தடியில் கிடத்திவிட்டுப் பால் வெட்டப் போனாள். எறும்பு மொய்த்துவிட்டது. நல்லவேளை, பிழைத்தது. பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகை கேட்டோம். "போயி வேலையப் பாருங்க" என்று கணக்கு எழுதுகிற கிராணி விரட்டிவிட்டார்.

அடுத்த மாதம் தொழிலாளர் அதிகாரி வருகிறார். எங்களைப் பேச விடமாட்டார்கள். அதனால் தோட்டத்துப் பெண்கள் நாற்பது பேரும் ஒரே மாதிரி ரவிக்கை போடப்போகிறோம். பார்த்தவுடன் அவருக்குப் புரியவேண்டும். எப்படித் தைப்பது?

உங்கள்
சந்திரமதி

சிங்கப்பூர்,
13-3-1937

சந்திராவுக்கு,

எறும்பு என்று படித்ததும் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். நம் பிள்ளை வேலுவைப் பாம்பு தீண்டியதும் அப்படி ஒரு மரத்தடியில்தானே. இரண்டு வருஷமாகிறது. அந்த மரங்களைப் பார்க்க முடியாமல்தான் ஓடிவந்தேன், உன்னை விட்டு அல்ல.

வெள்ளைத் துணியில் தையுங்கள். முதுகில் சிவப்புத் துணியால் ஒரு தொட்டில். குனிந்து பால் வெட்டுகிறவர்களின் முதுகுதானே அதிகாரி கண்ணில் படும்? அக்குளில் ஒட்டு வை, கிழியாது.

ரவிக்கை மாதிரியைக் காகிதத்தில் வெட்டி அனுப்பியிருக்கிறேன். உன் அளவு. அது மறக்கவில்லை. மற்றவர்களுக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்.

சதாசிவம்

குளுவாங்,
22-4-1937

அன்புள்ள அத்தானுக்கு,

அதிகாரி வந்தார். நாற்பது முதுகிலும் நாற்பது தொட்டில். நின்றுவிட்டார். "இது என்ன?" என்று கேட்டார். கிராணி வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் சொல்லிவிட்டாள்: "எங்க புள்ளைங்க படுக்க எடமில்லீங்க ஐயா. அதான் முதுகுல போட்டிருக்கோம்."

கொட்டகைக்கு உத்தரவாகிவிட்டது. அன்று எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் உங்களைத் தேடினேன்.

சந்திரமதி

சிங்கப்பூர்,
2-6-1937

சந்திராவுக்கு,

ஓர் அறை பிடித்துவிட்டேன். சின்னதுதான், ஜன்னல் இருக்கிறது. புறப்பட்டு வா. அந்தத் தோட்டத்தில் இனி உனக்கு என்ன இருக்கிறது?

சதாசிவம்

குளுவாங்,
11-7-1937

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மடியிலேயே வைத்திருந்தேன். முன்பு கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன்.

கொட்டகைக்கு என்னை ஆயாவாகப் போட்டிருக்கிறார்கள். முதல் நாளே பதினொரு பிள்ளைகள். ஒன்று அழுதால் எல்லாம் அழுகின்றன. நேற்று ஒருவன் என் சேலையைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். மத்தியானம்வரை நான் அசையவில்லை. இவர்களை விட்டு எப்படி வருவேன்?

கொட்டகையிலிருந்து பார்த்தால் மரங்கள் தெரியத்தான் செய்கின்றன. நானும் தினம் பார்க்கிறேன். பக்கத்தில் நீங்கள் இருந்தால் இரண்டு பேருமாகப் பார்க்கலாம். முடியாவிட்டால் எனக்குக் கோபமில்லை அத்தான். ஆனால் வருவதாக இருந்தால் எழுதவேண்டாம். வந்துவிடுங்கள்.

சந்திரமதி