காற்று நேராகப் போகும் ஊர்

கோலா கெத்தில்,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் யோகேந்திரனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை காஞ்சனாவும் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தத் தைவான் புயலுக்குத் தப்பி நன்றாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். நான் சொல்லச் சொல்லக் காஞ்சனா அதைப் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள். தொழிற்சாலையில் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா என்று போனில் கேட்டாய், நானும் சட்டென்று "போடு லா, அம்மாவுக்கு என்ன" என்று சொல்லிவிட்டேன், அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே தினமும் சாயங்காலம் மழை. நான் வேலை செய்கிற நாற்றுப்பண்ணையில் செம்பனைக் கன்றெல்லாம் தண்ணீரில் நிற்கிறது. வேலை முடிந்து வந்தால் காஞ்சனா டியூஷனுக்குப் போயிருப்பாள், டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். குறைவாகச் சமைக்கக் கை இன்னும் பழகவில்லை, மிஞ்சுகிற குழம்பைப் பக்கத்து வீட்டுக் கேதரினுக்குக் கொடுத்துவிடுகிறேன். போன வாரம் போனில் அந்தப் புயலின் படத்தைப் பார்த்தேன், வெள்ளையாகச் சுற்றிக்கொண்டு உன் ஊர் மேலேயே நின்றது. உடனே கேதரினின் வீட்டுக்காரர் வால்டரைக் கூப்பிட்டு நம் வாசல் தகரத்தைக் கம்பி போட்டு இறுக்கச் சொன்னேன். அவர் ஏணியில் நின்றபடியே, "பிரேமாக்கா, புயல் தைவானுக்கு லா, நம்ம தாமான் குடியிருப்புக்கு இல்ல" என்று சிரித்தார். எனக்கு என்ன தெரியும், மகன் வீட்டுக்கு வருகிற காற்று அம்மா வீட்டுக்கு வராதா என்று நினைத்துவிட்டேன்.

வரவே வராது என்கிறாள் காஞ்சனா. துருவத்தில் ஒருவர் நின்றால் பூமி அவரை ஒரு நாளில் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுத் திருப்பிவிடுமாம். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நம்மைக் கிழக்கே சுமந்துகொண்டு போகுமே தவிர, திருப்புவது ரொம்பக் குறைவாம். வடக்கே போகப் போகத்தான் அந்தத் திருப்பம் கூடுமாம். உன் ஊர்ப் பக்கம் கடலில் ஓரிடத்தில் காற்றழுத்தம் குறைந்தால், அதை நிரப்ப ஓடிவருகிற காற்று பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் விலகி விலகி, போய்ச் சேர முடியாமல் அந்த இடத்தையே சுற்ற ஆரம்பித்துவிடுமாம், அதுதான் புயலாம். இங்கே காற்று நேரே போய் நிரப்பிவிடும், மழை கொட்டும், முடிந்துவிடும்.

நல்லது, தெரிந்துகொண்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்து கோயில் திருவிழாவைப் பற்றி எழுது என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, மழையச் சொன்னீங்க, குழம்பச் சொன்னீங்க, இப்பத் திருவிழாவா? சொல்ல வந்ததச் சுத்தியே வர்றீங்க. இது நம்ம கெடா மாநிலம் மா. இங்க காத்து நேராத்தான் போகும். நேரா சொல்லுங்க, எழுதுறேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மறுபடி பேனாவை எடுத்துத் தாளில் வைத்துக்கொண்டாள்.

யோகா, கையெழுத்துப் போடாதே. வீட்டுக்கு வந்துவிடு. இங்கே பக்கத்தில் கூலிமில் கிடைக்கிற வேலையைப் பார்க்கலாம், அது சின்ன வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவால் தனியாக முடியவில்லை.

நீ நூறு வயது சுகமாக வாழ வேண்டும், மேலே போய்விட்ட அப்பாவின் ஆசியும் உனக்கு உண்டு. தபால் போய்ச் சேரும்வரை பொறுக்க முடியாது என்று காஞ்சனா இதைப் படம் எடுத்து இப்போதே அனுப்புகிறாள். படித்தவுடன் கூப்பிடு, அவளை அல்ல, என்னை.

இப்படிக்கு,
உன் அம்மா பிரேமாவதி