எல்லைக்கல் வரைக்கும் சட்டம்

25 செப்டம்பர் 1929, கல்பாத்தி

காலையில் எழுந்ததும் வாசல் தெளிக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. பேப்பர் அவர் கைக்குப் போவதற்கு முன்னால் நான் பிரித்தேன். டில்லி சட்டசபையில் குழந்தை மணத் தடை மசோதா நிறைவேறிவிட்டது. பெண்ணுக்குப் பதினாலு வயது, பையனுக்குப் பதினெட்டு. என் பெண் கோமுவுக்குப் பதினொன்று. நின்றபடியே இரண்டு தரம் படித்தேன்.

போன வருஷம் இதைப் பற்றி அபிப்பிராயம் கேட்டு சர்க்கார் கமிட்டியின் கேள்வித்தாள் இவருக்கு வந்தது. ஊரில் பேர் பெற்ற வக்கீல் அல்லவா. பதில் எழுதியது நான், கையெழுத்து அவருடையது. 'பெண் குழந்தையின் உடம்பு பெற்றவர்களின் சொத்து அல்ல' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். படித்துவிட்டு, இங்கிலீஷ் நன்றாக வந்திருக்கிறது என்றார். விஷயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என்னைக் கல்யாணத்துக்குப் பிறகு சென்னைக்கு அனுப்பிக் காலேஜில் படிக்கவைத்தவர் அவர். இதை ஊரில் யாரும் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை.

30 செப்டம்பர்

மேல்சபையிலும் நிறைவேறிற்று. இனி வைஸ்ராய் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. எதற்கு இரண்டு சபை என்று கோமு கேட்டாள். ஒன்று அவசரப்பட்டால் மற்றது நிதானித்துப் பார்ப்பதற்கு என்றேன்.

"அப்பா சரின்னப்பறம் அத்தையைக் கேக்கறாப்போலயா?"

அதேதான் என்றேன். இந்த வீட்டு மேல்சபை என் நாத்தனார் அம்மிணி. வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

6 அக்டோபர்

வைஸ்ராய் சம்மதம் கொடுத்தாயிற்று. ஆனால் சட்டம் அமலுக்கு வருவது அடுத்த ஏப்ரல் முதல் தேதி! ஏன் என்று அவரைக் கேட்டேன். "ஜனங்களுக்குத் தெரியணுமோன்னோ" என்றார்.

தெரியத்தான் போகிறது.

இன்னொன்றும் சொன்னார். முதல் மசோதாவில் அப்படிப்பட்ட கல்யாணமே செல்லாது என்று இருந்ததாம். மசோதாவைத் திருத்த சபை பொறுக்கி எடுத்த கமிட்டிக்குப் போனபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கல்யாணம் செல்லும். செய்துவைத்தவர்களுக்குத் தண்டனை, அதுவும் யாராவது போய்ப் புகார் கொடுத்தால். சபையில் ஒரு மசோதா நுழைவதும் வெளியே வருவதும் ஒரே மசோதா அல்ல. படித்தவள் என்று பேர், இது எனக்குத் தெரியாமல் இருந்தது.

22 ஜனவரி 1930

தை பிறந்ததிலிருந்து தெருவில் மேளச் சத்தம் ஓயவில்லை. நாகஸ்வரக்காரர் கிடைக்கவில்லை என்று எதிர்வீட்டில் ஒத்தும் ஜாலராவுமாகக் கல்யாணத்தை முடித்தார்கள். பெண்ணுக்கு எட்டு வயது. ஊஞ்சலில் தூங்கி விழுந்ததைத் தோளில் போட்டுக்கொண்டு மாமன் நின்றான். மார்ச் முடிவதற்குள் தெருவில் ஒரு பெண் பாக்கி இருக்காது. குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம் குழந்தைகளை இப்படி விரட்டிப் பிடிக்கிறது.

நான் கூடத்துக்குள் நுழைந்தபோது அம்மிணி மற்றவர்களிடம் சொன்னாள்: "மன்னி டில்லிலேருந்து வரா, வழி விடுங்கோ." எல்லோரும் சிரித்தார்கள். பந்தியில் என் இலைக்குப் பாயசம் வரவில்லை. மறந்திருக்கலாம்.

10 பிப்ரவரி

அவர் டில்லி சபைக்கு நிற்கப் போகிறாராம். அடுத்த தேர்தலில். எனக்குச் சொல்லவில்லை, வந்தவர்களிடம் சொன்னது உள்ளே கேட்டது.

ஓட்டு என்பது வரி கட்டுகிறவர்களுக்கு. என் பெயரில் நிலம் இல்லை, எனக்கு ஓட்டு இல்லை. நிலம் உள்ளவர்கள்தான் தினமும் வந்து உட்கார்ந்து, வக்கீல் சார் ஆத்துப் பெண் இன்னும் பள்ளிக்கூடம் போகிறாளே என்று விசாரிக்கிறார்கள். இன்று ராமசேஷ ஐயர் வந்திருந்தார். பெரிய மிராசுதார்; அவர் வாயசைத்தால் நாலு கிராமத்து ஓட்டு விழும். அவருடைய மகன் எர்ணாகுளத்தில் படிக்கிறான். கோமுவைக் கேட்கிறார்.

காபி கொண்டுபோய் வைத்தேன்.

11 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். மார்ச்சுக்குள் கல்யாணம் என்றால் நான் மணையில் உட்கார மாட்டேன், கமிட்டிக்கு எழுதிய பதிலின் நகலைத் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவேன் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை.

"சரி. மார்ச்சுக்குள்ளே கிடையாது. போருமா?"

போதும். நான் வேறென்ன கேட்டேன்?

1 ஏப்ரல்

இன்று முதல் சட்டம். பாயசம் வைத்தேன். அவர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

8 ஏப்ரல்

வைகாசியில் முகூர்த்தம். சித்தூரில்.

இங்கிருந்து மோட்டாரில் போனால் ஒரு பொழுது கூட ஆகாது. ஆனால் அது கொச்சி மகாராஜாவின் சீமை. டில்லிச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும். ராமசேஷ ஐயருக்கு அங்கே பெரிய வீடு இருக்கிறது.

எப்போது முடிவானது என்று கேட்டேன். தையிலேயே என்றார். அப்படியானால் பிப்ரவரியில் எனக்கு வாக்குக் கொடுத்தபோதே— ஏன்னா, நீங்க தெரிஞ்சுண்டேதானே சொன்னேள்?

"நான் சட்டத்தை மீறலையே. எல்லைக்கல்லோட அது நின்னுடறது. அந்தண்டை போய்ப் பண்றேன்" என்றார். கட்சிக்காரனுக்கு யோசனை சொல்கிற அதே குரல்.

நாளைக்கு மெட்ராஸில் யாராவது கேட்டால், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பார். தெருவில் கேட்டால், ஆசாரத்தை விடாதவன் என்பார். இரண்டும் பொய்யில்லை. இப்படிப்பட்டவர்தான் சபைக்குப் போகவேண்டும்.

9 ஏப்ரல்

சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது, 'பிரிட்டிஷ் இந்தியா முழுவதும்' என்று. எத்தனை தரம் படித்திருப்பேன். முழுவதும், முழுவதும் என்று மகிழ்ந்தேனே தவிர, எதன் முழுவதும் என்று ஒரு தரம்கூட நின்று பார்க்கவில்லை.

15 ஏப்ரல்

அம்மிணி கூறைப்புடவை பார்க்கக் கோமுவைக் கூப்பிட்டாள். குழந்தை போய்ப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, டில்லிக்கு நீதானே எழுதினே? அதைக் காமிச்சா எல்லாரும் என்னை விட்டுட மாட்டாளா?"

தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் பூகோளப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பரீட்சைக்குப் படிக்கிறாள்! அந்தப் பரீட்சை அவளுக்குக் கிடையாது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

17 ஏப்ரல்

அவர் கோர்ட்டுக்குப் போனபிறகு அலமாரியில் தண்டனைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மைனர் பெண்ணுக்குச் சட்டப்படி பாதுகாவலர் தகப்பன். அவர் சம்மதமில்லாமல் யார் அழைத்துப் போனாலும் குற்றம். தாய்க்கென்று விலக்கு எதுவும் கண்ணில் படவில்லை. கொச்சியிலும் இதேபோல ஒன்று உண்டாம். ஆக, இந்தச் சட்டத்துக்கு எல்லைக்கல் இல்லை.

21 ஏப்ரல்

அன்னாள் வந்திருந்தாள். காலேஜில் என் அறைத்தோழி. இப்போது சென்னையில் பெண்கள் விடுதி நடத்துகிறாள். ஈஸ்டருக்குப் பாலக்காட்டில் தம்பி வீட்டுக்கு வந்தவள். அம்மிணி அவளை உள்ளே விடவில்லை, ரேழியிலேயே பேசினோம். எல்லாவற்றையும் கேட்டாள். என் மூக்கைப் பார்த்தாளே ஒழியக் கண்ணைப் பார்க்கவில்லை. நான் அழுதுவிடுவேன் என்று பயந்திருப்பாள்.

"எங்க விடுதியில இன்னொரு கட்டில் போட இடம் இருக்குடி. முன்கூட்டிச் சொல்லணும்னுகூட இல்ல" என்றாள்.

பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் அவள் சென்னைக்குப் புறப்பட்டுவிட்டாள்.

24 ஏப்ரல்

நாளை அவரும் அம்மிணியும் சித்தூருக்குப் போகிறார்கள், பந்தல் போடும் இடம் பார்க்க. திரும்ப இருட்டிவிடும். ஒலவக்கோடு ரயில் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி அதற்கு வெகு முன்னாலேயே வந்து போய்விடும்.

கேஸ் போடுவாரா? ஓட்டுக் கேட்டு வாசல் வாசலாக ஏறப் போகிறவர், பெண்டாட்டி மேல் கேஸ் போட்டு அதை ஊர் பேப்பரில் படிக்கும்படி விடமாட்டார். போட்டாலும் போடட்டும். கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றி ஏன் என்று கேட்பார்கள் அல்லவா? அங்கே நான் சொல்வதை என் பெயரிலேயே எழுதிக்கொள்வார்கள்.

திரும்பி வர இந்த வீடு இருக்காது. அதையும் யோசித்துவிட்டேன்.

கோமுவை உட்காரவைத்து எண்ணெய் தடவி, தலையை இறுக்கிப் பின்னினேன். வலிக்கிறது, இத்தனை இறுக்கி எதற்கு என்று கேட்டாள்.

"நாளைக்குக் காத்து ஜாஸ்தியா இருக்கும்" என்றேன்.