வெயில் வராத முற்றத்துக்கு ஆறு தொட்டிகள்

1957 ஜூலை 9, செவ்வாய்

காற்று, புழுதி. மழைக்கு அறிகுறி இல்லை.

வெயில் எட்டாத வடக்கு முற்றத்தில், தொட்டியில், பன்னிரண்டு மாதமும் பச்சையாக நிற்பது எது? நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவள். இருபது வருடமாகப் பள்ளியில் அதையே கற்பிக்கிறவள். தெரியவில்லை.

கண்ணில் புரை எடுக்கக் கமுதியிலிருந்து வந்த அக்காவுக்கு ஒரு மாதமாக அந்த முற்றத்தில்தான் கட்டில். வெயில் கூடாது என்று டாக்டர் உத்தரவு. நேற்று சொன்னாள்: "கண்ணத் தொறந்து விட்டுட்டாக, பாக்கத்தான் ஒண்ணுமில்ல. சுண்ணாம்புச் சுவரு. வெள்ளிக்கெழம ஊருக்குப் போறேன்த்தா."

இரு என்று சொல்லியிருக்கலாம். ஆறு தொட்டி வாங்கிவந்தேன்.

மருள் 2. சாகாது. கத்தி செருகிவைத்தாற்போல இருக்கும்.
மணி பிளான்ட் 2. பணம் வருமாம். நம்பிக்கை இல்லை. இலை நன்று.
பெரணி 2. டிராயிங் டீச்சர் மதுரையிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.
குரோட்டன்: நிழலில் நிறம் போய்விடும். வேண்டாம்.
துளசி: அக்கா கேட்டது. வெயில் வேண்டுமே.

மாலையே நட்டாயிற்று. புத்தகப்படி மூன்றில் ஒரு பங்கு மணல். மண்டபம் கடற்கரையிலிருந்து கூடையில் வந்த மணல். உப்புப் போக மூன்று முறை அலசினேன். திருப்தி.

ஜூலை 10, புதன்

தலைவலி. விடைத்தாள் நாற்பது. அக்கா தொட்டிகளைச் சுற்றிச்சுற்றி வந்தாள்.

"பூக்குமா?"
"இல்லக்கா."
"காய்க்குமா?"
"ம்ஹூம்."
"அப்ப ஒன்னாட்டந்தான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு.

ஜூலை 11, வியாழன்

பெரணி நுனியெல்லாம் கருகல். தண்ணீர் அதிகமோ? காற்றோ? யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"உப்பு. மணல எதுல அலசுன?"
"கிணத்துத் தண்ணியிலதான்."
"அந்தத் தண்ணிய நீ வாயில வைப்பியா?"

வைப்பதில்லை. குடிக்க ஊருணித் தண்ணீர்தான். உப்பை உப்பால் கழுவியிருக்கிறேன்.

"படிச்ச புள்ள! விட்டா ஆறையும் கொன்னுபுடுவ."

வேர்களை ஊருணித் தண்ணீரில் கழுவி ஈரத்துணியில் சுற்றிவைத்தாள். பிறகு தன் டிரங்குப் பெட்டியைக் கட்டினாள். நாளை பத்து மணி பஸ்.

"நீ போயிட்டா இதையெல்லாம் யாரு பாக்கிறது?" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

ஜூலை 12, வெள்ளி

பள்ளிக்கு அரை நாள் லீவு. பெட்டி என் கையில். அக்கா கையில் மடித்த சாக்கு ஒன்று, எதற்கென்று நான் கேட்கவில்லை. பத்து மணி பஸ் பத்தே முக்காலுக்கு வந்தது. கண்டக்டரிடம் சாக்கை நீட்டினாள்.

"கமுதி ஸ்டாண்டுல எம்மவன் நிப்பான். நம்ம கரிசல அள்ளி, ஆட்டுப்புழுக்க கலந்து இதுல குடுத்துவிடச் சொல்லு."

"நீங்க ஏறலையா ஆத்தா?"

"ஏலே, நா ஏறிட்டா இங்கன யாரு நடுறது? இவளா?"

பஸ் போயிற்று. பெட்டியைத் திரும்ப நான்தான் தூக்கிவந்தேன்.

பெரணி ஒன்று போயிற்று. மற்ற ஐந்தும் ஈரத்துணியில்.