தொட்டியில் குறைந்த அரை அங்குலம்

ரிங்லெட்,
15-2-1977

அன்பு மகன் ராதாகிருஷ்ணனுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மீரியில் நீயும் அப்படியே இருக்கவேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள்கள் கூடுமுன் மேட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறிப்போய், மூங்கில் குச்சியை உள்ளே விட்டு நனைந்த இடத்தில் கோடு போட்டேன். ஒன்றரை மாதமாக மழையில்லை, மத்தியானத்துக்குள் தொட்டி வற்றிவிடுகிறது. தொழிலாளர் லயத்து முப்பது வீடுகளும் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று கணக்கெடுக்கும்படி தேயிலைத் தோட்டத்துத் துரை போன மாதம் என்னிடம் சொன்னார், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள் நான்தானே. வீடுவீடாகக் கேட்டேன், வீட்டுக்குப் பன்னிரண்டு டின் என்றார்கள், கூட்டினால் முந்நூற்றறுபது. தொட்டியிலிருந்து போவதோ ஐந்நூற்றிருபத்தைந்து. மீதி நூற்றறுபத்தைந்து டின் எங்கே என்று எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கேள்விக்குறிக்கு துரை தானே பதில் கண்டுபிடித்துவிட்டார், தொட்டி பார்க்கும் ராமையா காய்கறித் தோட்டக்காரர்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுகிறான் என்று. மாதக் கடைசிக்குள் வேலையையும் வீட்டையும் விட்டுவிட வேண்டுமாம்.

நேற்று அவன் மனைவி தங்கம்மா பள்ளிக்கூட வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "பன்னெண்டு டின்னுல நாலு புள்ளைங்களக் குளிப்பாட்ட நாங்க என்ன ஒட்டகமா டீச்சர்? பின்னால போட்டிருக்கிற கீரைக்கு ஊத்துறதச் சொன்னா கிராணி ஐயா வந்து பைப்ப பூட்டிருவாரு. அதான் எல்லாரும் கொறச்சுச் சொன்னோம். கிராணி பொண்டாட்டிகிட்ட வேற என்னத்தச் சொல்றது?" என்றாள். பக்கத்தில் நின்ற அம்மாக்கண்ணு, முனியாண்டி சாமிக்கு வைக்கும் சொம்புத் தண்ணீரைக்கூடத் தான் சொல்லவில்லை என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. கேட்டவள், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் அப்பாவின் மனைவி என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அதனால்தான் யார் வாயையும் நம்பாமல் இன்று தொட்டியையே கேட்டேன். ராமையாவும் கூட வந்தான். ஓடையிலிருந்து வரும் தண்ணீரை அடைத்தோம், லயத்துக்குப் போகும் வால்வையும் இறுக மூடினோம். ஒரு மணி நேரம் கழித்துக் குச்சியை விட்டால் அரை அங்குலம் குறைந்திருந்தது. தொட்டியின் அளவுக்கு அது நாளொன்றுக்கு நூற்றிருபத்தைந்து டின். பெண்கள் மறைத்தது மிச்சமுள்ள நாற்பதுதான். திறந்திருந்தது நம் வீட்டுக்கு வரும் குழாய் ஒன்றே, நான் கிளம்பி வரும்போது நம் வீட்டில் ஒரு பைப்பும் சொட்டவில்லை. போன வருடம் துரை லீவில் போயிருந்தபோது, தோட்டத்துப் பழைய குழாய்களை எடுத்து அப்பா நம் குளியலறைக்கு லைன் இழுத்தது உனக்குத் தெரியும். அந்த லைன் போகும் இடத்தில் மண்ணைக் கிளறினேன், சேறு. இந்த வறட்சியிலும் அங்கே என் செவ்வந்தி வாடவில்லையே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, "பைப்ப நான் கமுக்கமா மாத்திக்கிறேன். மழை வந்தா எல்லாரும் மறந்துருவாங்க. ராமையாவுக்கு கோலா தெர்லா தோட்டத்துல வேலை கெடைக்கும், எனக்கு இந்த வயசுல யாரு குடுப்பா?" என்றார். அவர் பயம் பொய்யில்லை. இருபத்திரண்டு வருட வேலை. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

நீ வெயிலில் நின்று வேலை செய்கிறவன், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடாதே. நீ நீண்ட ஆயுளோடு நிமிர்ந்து இருக்கவேண்டும் என்பதே என் ஆசீர்வாதம். நான் மறுபடி எழுதும் வரை இந்த விலாசத்துக்குக் கடிதம் போடாதே. நாளை பெரட்டு முடிந்ததும் ஆபீசுக்குப் போய், அப்பா இருக்கும்போதே, தண்ணீர் என் வீட்டுக்கடியில்தான் போகிறது என்று துரையிடம் சொல்லப்போகிறேன். இது இன்னும் அப்பாவுக்கும் தெரியாது, ராமையாவுக்கும் தெரியாது.

உன் அன்பு அம்மா,
இராசம்மா