மண்டபத்து எரிந்த கதவு

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13
18.8.1996

அன்பு மகன் அன்ரனுக்கு,

ஆண்டவர் தயவால் நானும் அப்பாவும் ஏதோ நடமாடித் திரியிறம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க மன்றாடுறன். கரண்ட் ஒழுங்காயில்லை, அப்பாவுக்கு இழுப்புக் கூடிப்போச்சு, ஆமிக்காரர் செக்கிங்குக்கும் வந்து போனாங்கள், அதைப் பற்றி நீ யோசியாதை.

கோயில் மண்டபத்துக் கதவைப் பற்றிக் கேட்டிருந்தாய். எண்பத்து மூன்று கலவரத்தில் எரிஞ்சு மிஞ்சின கதவைக் கழற்றவேண்டாம், கரியைச் சுரண்டவும் வேண்டாம், பழைய கட்டடத்தைக் காக்கிறதெண்டால் அதுக்கு நடந்ததையும் சேர்த்துத்தான் காக்கவேணும், மறைச்சுப் புதுசாக்கினால் பொய் எண்டு நீ உன்ர கட்டடப் படிப்பை வைச்சு எழுதினதைக் கோயில் சபைக் கூட்டத்தில் அப்படியே வாசிச்சனான். தலைவர் செபஸ்தியன், இந்த நாளில் அதை ஊருக்குக் காட்டினால் வீண் பிரச்சினை, அதேமாதிரிப் புதுக்கதவு போடுவம் எண்டார். நான் விடேல்லை. பயத்தில் மறைச்சால் நாளைக்கு ஒண்டுமே நடக்கேல்லை எண்டு சொல்லுவினம் எண்டன். பாதிப்பேர் என்ர பக்கம் வந்தினம். அப்பதான் பின்வரிசையிலிருந்து மாக்ரெட் எழும்பினா. அவவின்ர மனிசனை அந்தக் கதவடியிலதானே வெட்டினது. அவ, பதின்மூன்று வருசமா நான் பக்கத்து வாசலாலதான் வாறன், கதவுக்கு என்ன நல்லதெண்டு எல்லாரும் கதைக்கிறியள், என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே எண்டா. சத்தம் போடவுமில்லை, அழவுமில்லை. நீ எழுதினதும் உண்மை, அவ சொன்னதும் உண்மை, இரண்டையும் ஒரே கதவு நிலையில் மாட்ட எனக்குத் தெரியேல்லை, அதுக்குமேல் வாதாட உடம்பில் தெம்புமில்லை.

புதுக்கதவு போட்டாச்சு. ஒருத்தரும் பழசெண்டு ஏமாறாமல் உள்பக்கத்தில் இந்த வருசத்தை வெட்டச் சொன்னன், பழையதை விறகுக்குக் குடுக்காமல் பின்னறையில் சாத்திவைப்பிச்சன். போன ஞாயிறு மாக்ரெட் முன்வாசலால் வந்தா. தேத்தண்ணி முடிய என்னட்டை வந்து, அது எங்கை எண்டு கேட்டா. கூட்டிக்கொண்டு போனன். என்னை வெளியில் நிக்கச்சொல்லிப்போட்டு உள்ளுக்குக் கனநேரம் நிண்டா. வரேக்க கையெல்லாம் கரி. அறைப் பூட்டுத் திறப்பைத் தன்னட்டைத் தரச்சொன்னா, குடுத்திட்டன். இனி நீ வந்து பார்க்கிறதெண்டாலும் அவவைத்தான் கேக்கவேணும்.

இரவிரவா முழிச்சிருந்து படியாதை. அப்பாவுக்குத் தனியா ஒரு வரி எழுது, சொல்லமாட்டார், ஆனால் உன்ர கடிதத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறார். தேவமாதா உன்னைக் கைவிடாமல் நடத்துவா.

உன்னை நினைச்சபடியே,
அம்மா நேசம்