கொடி இறங்காத மேசை

ஐப்பசி 5, வியாழன்

காலையிலிருந்து தூறல். வண்டிக்குக் காற்று அடிக்க வேண்டும். அக்கா மகள் கவிதாவைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் (இனி மா.வீ.) இன்னும் முடிவு சொல்லவில்லை. சனிக்கிழமை அவர்களுக்கு விருந்து, என் பொறுப்பு. பீளமேட்டு மாடி ஓட்டல். மேசையிலேயே கரி அடுப்பு வைத்துச் சுட்டுத் தருவார்கள். "மாசம் நாலு தடவை போறதுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். வாசல் வரை நாலு தடவை போயிருக்கிறேன், பொய்யில்லை.

கவிதா: "மாமா, அங்க வந்து அளக்காதீங்க. சாமி சத்தியமா."

ஐப்பசி 7, சனி

மழை விட்டது. வெள்ளைச் சட்டை. காவலாளி எழுந்து சல்யூட். கலெக்டருக்கு அடுத்து எனக்குத்தான்.

மேசை நடுவில் சின்னக் கொடி. அலங்காரம் என்று விட்டுவிட்டேன். கம்பி கம்பியாகக் கோழி, மீன், இறால், அன்னாசி. தீரத் தீர வந்தது. விருந்தாளி நிறுத்தாமல் நாம் நிறுத்த முடியாது. அவர்களோ நம் மனசு நோகுமென்று மிச்சம் வைக்கவில்லை. நான் நாற்பது கம்பி.

நான்: "இன்னுங் கொஞ்சமுங்க?"

"நீங்க சாப்பிட்டா நானுஞ் சாப்பிடறனுங்க."

ஒன்றரை மணி நேரம். மாப்பிள்ளையின் அப்பா பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் மாப்பிள்ளை, மெதுவாக: "மாமா, அந்தக் கொடியை இறக்குனா கொண்டு வரமாட்டாங்க."

"தெரியுங் கண்ணு. உங்கப்பா ஆசையாச் சாப்பிடறாரேன்னு உட்டு வெச்சேன்."

தெரிந்து என்ன? நாம் இறக்கினால் விருந்தாளியை எழுந்து போகச் சொன்ன மாதிரி. அவர்கள் இறக்கினால் விருந்தைத் தள்ளிய மாதிரி. மறுபடி இறால். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர்.

கவிதா கை நீட்டி இறக்கிவிட்டாள். "போதுமுங்க அத்தை. என்னால முடியலைங்க."

சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன்.

அந்தம்மா: "நல்லா இருப்பே அம்மணி! எங்க ஊட்டுல வாயத் தொறந்து சொல்ல ஒருத்தி வேணும்."

ஐப்பசி 8, ஞாயிறு

வெயில். சோடா மூன்று. சோறு வேண்டாம் என்றுவிட்டேன்.

மா.வீ. போன். சம்மதம்! அக்கா அழுதாள்.

பிறகு சம்பந்தி என்னிடம்: "ஏனுங்க மச்சான், வர்ற சனிக்கிழமை பங்காளிகளுக்கும் அங்கயே வெச்சிருக்கனுங்க. இருவது பேரு. நீங்கதான் முன்ன உட்காரோணும். நீங்க எந்திரிச்சாத்தான் அவங்க எந்திரிப்பாங்க."

"அதுக்கென்னுங்க, வாரனுங்க" என்று சொல்லிப்போட்டேன்.

கொடியை இறக்கக் கவிதாவையும் கூட வரக் கூப்பிட்டேன். அக்கா விடவில்லை. பேசி முடித்த பெண் கல்யாணம் வரை அவர்கள் பந்தியில் உட்காரக் கூடாதாம்.