கணவாயில் பனி முந்திய புதன்கிழமை

மிதெல்த்,
ஞாயிறு காலை

அன்புள்ள ஹத்தாவுக்கு,

உன்னையும் மகள் இஸ்ஸாவையும் இறைவன் தன் நிழலில் வைத்திருக்கட்டும். இங்கே நானும் ஆடுகளும் சுகம். விறகு போதுமான அளவு இருக்கிறது. உன் தங்கை தினமும் ரொட்டி சுட்டு அனுப்புகிறாள். கூடவே நான் இளைத்துவிட்டதாகத் திட்டும் வருகிறது.

முதலில் இஸ்ஸா கேட்டிருந்த மேகங்களை எழுதிவிடுகிறேன். வாசித்துக் காட்டு. திங்கட்கிழமை பஞ்சுப் பொதி மேகங்கள். அடி தட்டை, தலை மட்டும் உப்பல். மழைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, சும்மா ஊர் சுற்றுபவை. செவ்வாயன்று சின்னச் சின்னத் துண்டுகள், பட்டியைத் திறந்துவிட்ட ஆடுகள் மாதிரி. புதன்கிழமை விடியலில் மேற்கே இறகு மேகங்கள். யாரோ கோழியின் இறகைப் பிய்த்துப் போட்டதுபோல் இருந்தன. மிக உயரத்தில் இருப்பவை அவை, உள்ளே முழுக்கப் பனித்துகள்தான். இஸ்ஸாவுக்கு இதோடு நிறுத்திக்கொள். மீதி உனக்கு மட்டும்.

போன ஞாயிறு மெக்னெஸ் வானிலை அலுவலகம் தொலைபேசியில் சொன்ன வார நிலவரத்தை வழக்கம்போல் பேருந்து நிலையக் கரும்பலகையில் எழுதினேன். புதன் வரை தெளிவு, வியாழன் மாலை முதல் கணவாயில் பனி. அதை நம்பித்தான் கணவாய் தாண்டி உங்களிடம் வரப் புதன்கிழமைப் பேருந்தில் எனக்கு இடம் பிடித்தேன். வெள்ளியன்று ஆஸ்பத்திரியில் கண் அறுவைக் கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று இஸ்ஸாவிடம் சொல்லி அனுப்பியிருந்தேனே.

புதன் காலை கிளம்பும் நேரத்தில் மெக்னெஸிலிருந்து மறுபடி அழைத்தார்கள். பனி முந்திக்கொண்டதாம், இன்று பிற்பகலே பாதை மூடிவிடும் என்றார்கள். வெளியே வந்து பார்த்தேன். இறகாக இருந்தவை எல்லாம் கலந்து பாலாடைபோல ஒரு திரையாகியிருந்தன. சூரியனைச் சுற்றி வட்டம் விழுந்திருந்தது.

பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். என் பையை வாங்கிப் பேருந்துக் கூரையில் போட்டுவிட்டார்கள். நான் பலகையைத் துடைத்துப் புதிதாக எழுதினேன். வண்டி நிறைய ஆட்கள். ஓட்டுநர் பாஸ்ஸூவை உனக்குத் தெரியுமே, அவன் வாய் சும்மா இருக்குமா? “வெயில் பல்லைக் காட்டுது, நீர் பனிங்கிறீரு. உம்ம பலகை என்னைக்குத்தான் என் வயித்துல அடிக்காம இருந்திருக்கு? கணவாயில தடுப்புக் கட்டையை இன்னும் இறக்கலை. மகளைப் பாக்கப் போற மனுஷன், பேசாம ஏறும்” என்றான்.

ஒருவரும் இறங்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எதற்குப் போகிறேன் என்று ஊருக்கே தெரியும்.

ஹத்தா, என் ஒரு கால் படியில்தான் இருந்தது. பனிக்கு முன்னால் கணவாயைத் தாண்டிவிடலாம் என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் நான் உட்கார்ந்தால் அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பார்கள். காலை எடுத்துக் கீழே வைத்தேன். என் பையை இறக்கித் தரச் சொன்னேன்.

அஸ்ரூ சந்தைக்குக் கோழி கொண்டுபோகிற லல்லா துதாதான் முதலில் எழுந்தாள். “பெத்த மகளைப் பாக்கவே இவன் போகாம நிக்கிறான். நம்மளை ஏமாத்தவா நிப்பான்? பாஸ்ஸூ, என் கோழிக்கூடையை இறக்கு” என்றாள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். பாஸ்ஸூ இஞ்சினை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமல் தேநீர்க் கடைக்குப் போய்விட்டான்.

உச்சிவேளைக்குள் சாம்பல் மேகம் தாழ இறங்கி மலையை மறைத்தது. அப்புறம் பனி கொட்டத் தொடங்கியது. காலையிலேயே கிளம்பியிருந்த ஒரு கோதுமை லாரி கணவாயில் மாட்டிக்கொண்டது. மறுநாள் மாலைதான் அதில் இருந்த இருவரையும் மீட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஒருவனுக்குக் கால்விரல்கள் போய்விட்டன.

வெள்ளிக்கிழமை எனக்கு எதுவும் ஓடவில்லை. வெப்பமானியைத் தப்பாகப் படித்து எழுதிவைத்தேன். பனியில் அறுந்த கம்பிகளை நேற்றுத்தான் சரிசெய்தார்கள். தொலைபேசியில் மெக்னெஸ்காரர்களிடம் பேச்சு வாங்கினேன், உன் தந்தியும் வந்தது. வலது கண் தெரிகிறது, இடது கண்ணுக்கு நாளாகும் என்ற வரியை அஞ்சலக அதிகாரியை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னேன். தபால் எடுக்க வந்திருந்த பாஸ்ஸூ என் தோளைப் பிடித்துக்கொண்டான். “செவ்வாய்க்கிழமை எனக்குப் பின்னால இருக்கிற சீட்டு உமக்கு. மாவட்ட ஆளுநரே வந்து கேட்டாலும் கிடையாது” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த முறையாவது பலகையில் நல்லதாக எழுதும்படி கேட்டுக்கொண்டான்.

இன்று தபால் வண்டியை மட்டும் விடுகிறார்கள். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும். இடது கண்ணுக்கும் இறைவன் ஒளி தரட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு, தரையில் படுக்காதே.

கட்டைப் பிரித்ததும் அவள் என்னைத் தேடினாளா என்று தந்தியில் இல்லை. தேடியிருப்பாள், அதனால்தான் நீ எழுதவில்லை. கோபமாக இருந்தால் நீ சமாதானம் சொல்லிவிடாதே. பனி, பேருந்து, ஊர் மக்கள் என்று எந்தக் காரணமும் சொல்லாதே. நான் வரும்வரை கோபமாகவே இருக்கட்டும். அந்தக் கோபத்தை வந்து நானே வாங்கிக்கொள்கிறேன்.

என்றும் உன்,
ஹ்ஸாயின்